52 படிகளும் ஒரு பழைய ஷேப்பரும்

எங்கள் வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. சாலையிலிருந்து வாசலுக்கு 52 படிகள். 31 ஆண்டுகளாக அவற்றில் ஏறி இறங்குகிறேன். அப்படிப்பட்ட நான், 700 கிலோ என்று சொல்லப்பட்ட ஓர் இரும்பு இயந்திரத்துக்குக் கோவையில் விலை பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோதுதான் அந்தப் படிகளை நினைத்தேன். வயிறு கலங்கியது. மழை உள்ளே அடிக்கிறது, ஷட்டரை இறக்குங்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை சொன்னார். என் காதில் விழவில்லை. 700ஐ 52ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன். அப்படி வகுத்து என்ன கண்டுபிடிக்க நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

நான் தபால் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். இயந்திரத்தின் அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டி ஸ்பேனர் கேட்பார்; எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். ஓய்வுப் பணத்தில் வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நாலரை அடி லேத் என்கிற கடைசல் இயந்திரம் ஒன்றை வைத்தேன். அடுத்து ஓர் ஆசை பிடித்துக்கொண்டது: நம் நீலகிரி மலை ரயிலின் பல்பட்டைப் பாதையைச் சிறிய அளவில் செய்து, அதில் ஒரு சின்ன எஞ்சினை ஏற்றிப் பார்க்க வேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் இரண்டு பல்பட்டைகள் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதில் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருப்பார்கள். எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பற்றியபடியே இருக்கும். ஆப்ட் முறை என்று பெயர். அந்தப் பட்டையில் பற்களை வரிசையாக வெட்ட லேத் உதவாது. சுழலும் கட்டரால் வெட்டுகிற மில்லிங் இயந்திரம் வேண்டும், இல்லையென்றால் ஷேப்பர் வேண்டும்.

ஷேப்பரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ராம் என்கிற கனத்த இரும்புக் கை முன்னும் பின்னும் போய் வரும். அதன் மூக்கில் ஒரே ஒரு வெட்டுக் கருவி. முன்னே போகும்போது சீவும்; திரும்பும்போது கிளாப்பர் பாக்ஸ் என்கிற கீல் கருவியை விலக்கிக் கொடுப்பதால், வேலைப்பொருளை வெட்டாமல் வரும். போவது மெதுவாக, வருவது வேகமாக. 1836இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் நாஸ்மித் உருவாக்கிய இயந்திரம். இப்போது பெரிய பட்டறைகள் இதைச் சீண்டுவதில்லை. மில்லிங்கும் கணினி இயந்திரங்களும் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதனால்தான் பழையது மலிவாகக் கிடைக்கிறது. செலவும் குறைவு. மில்லிங் கட்டர் ஒவ்வொன்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஷேப்பருக்கு எச்.எஸ்.எஸ். என்கிற வெட்டுக் கருவி எஃகில் அரை அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சாணைக் கல்லில் வேண்டிய வடிவத்துக்கு நாமே தீட்டிக்கொள்ளலாம். நேரம் இருப்பவனுக்கும் பணம் இல்லாதவனுக்கும் ஏற்ற இயந்திரம் என்று நினைத்தேன். நேரம் இருந்தது என்பது மட்டும் உண்மை.

தனியாகப் போனதுதான் முதல் தவறு. அருவங்காட்டில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், வாழ்நாளில் பாதியை ஷேப்பரின் முன்னால் நின்றே கழித்தவர். அவரை அழைத்திருக்கலாம். ஆனால் நான் லேத் வாங்கியபோது வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதில் பேனா மூடி கடையலாம்" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு உள்ளே கிடந்தது. ஷேப்பரை வாங்கி, ஓட்டி, ஒரு வேலையையும் முடித்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும் என்று வீம்பு. வீட்டிலும் விலையைப் பாதியாகச் சொன்னேன்.

கோவை கணபதிப் பக்கம் பழைய இயந்திரங்கள் வாங்கி விற்கும் ஒரு கிடங்கு. 18 அங்குல ஷேப்பர், பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தது என்றார் விற்பவர். பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. புதிதாகப் பச்சை வண்ணம் அடித்து, மேசை மேல், வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் மாட்டி, மாப்பிள்ளை போல நிறுத்தியிருந்தார்கள். சுவிட்சைப் போட்டார். ராம் சத்தமில்லாமல் போய் வந்தது. எனக்கு அந்த நிமிடமே மனம் போய்விட்டது. அங்கே நான் கவனிக்காதது என்னவென்றால், ராம் நான்கு அங்குலம்தான் போய் வந்துகொண்டிருந்தது. 18 அங்குல இயந்திரத்தை நான்கு அங்குல ஸ்ட்ரோக்கில், அதாவது ராம் ஓடும் தூரத்தில், ஓட்டிக் காட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பட்டறைகளில் பெரும்பாலும் சின்ன வேலைகளே நடப்பதால் ராம் ஓடும் பாதையின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். ஆட்டம் தெரியாமல் இருக்க, ராமின் பக்க இடைவெளியைச் சரிசெய்யும் ஜிப் பட்டையை இறுக்கிவிடுவார்கள். அப்போது தேய்ந்த நடுவில் வெண்ணெய் போல ஓடும். முழு நீளத்துக்கு விட்டால் தேயாத ஓரங்களில் இறுகி முனகும். ஆகவே ஸ்ட்ரோக்கை முழு நீளத்துக்கு மாற்றச் சொல்லி, அதில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். மாற்றுகிற கைப்பிடி தொலைந்துவிட்டது என்று பதில் வந்தால், அந்தக் கைப்பிடி கிடைத்த பிறகு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். என்னிடம் அதைத்தான் சொன்னார்கள். நான் கிளம்பவில்லை.

இரண்டாவது, பக்கக் கதவு. இயந்திரத்தின் உடலில் பக்கவாட்டில் ஒரு மூடி இருக்கும். அதற்குள்தான் உயிரே இருக்கிறது: புல் கியர் என்கிற பெரிய பல்சக்கரம், அதன் முளையில் மாட்டிய சறுக்குக் கட்டை, அந்தக் கட்டை ஏறி இறங்கும் காடியுடன் கூடிய ராக்கர் ஆர்ம். சக்கரம் சுற்றுவதை முன்பின் ஓட்டமாக மாற்றுவது இவைதான். திறந்து காட்டச் சொன்னேன். "துருப் பிடித்து இறுகியிருக்கிறது சார், ஸ்குரூ தலை போய்விடும், வீட்டில் எண்ணெய் விட்டு நிதானமாகத் திறந்துகொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். புது வண்ணத்துக்கு அடியில் ஸ்குரூ மட்டும் எப்படித் துருப் பிடிக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. மூடியைத் திறக்காமலும் ஒரு சோதனை இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு, ராமின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். புல் கியர் அசையாமலே ராம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவும் உள்ளே சேர்ந்திருக்கும் ஆட்டம். என் இயந்திரத்தில் பின்னால் அளந்தபோது இரண்டரை மில்லிமீட்டர் இருந்தது. அன்று அதன் மேல் வைத்திருந்த என் கை, வண்ணத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜும், கைப்பிடி அளவு மைல்ட் ஸ்டீல் துண்டும் பையில் இல்லாமல் போகாதீர்கள். ராமை முழுதாக முன்னே கொண்டுவந்து, மேசையில் டயல் கேஜை நிறுத்தி, ராமின் மூக்குக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பினால் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கலாம். அதைவிட நல்லது, அந்தத் துண்டை வைஸில் பிடித்து ஒரு வெட்டு ஓட்டச் சொல்லி, நான்கு மூலைகளிலும் மைக்ரோமீட்டர் வைப்பது. சும்மா ஓடும் இயந்திரம் யாரையும் ஏமாற்றும். இரும்பைச் சீவும்போதுதான் அதன் குணம் தெரியும். மேசையின் டி-ஸ்லாட் (போல்ட் மாட்டும் T வடிவக் காடி) உதடுகள் உடைந்திருக்கின்றனவா என்று விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். என் மேசையில் ஓர் உதடு உடைந்து, பட்டி வைத்துப் பச்சை அடிக்கப்பட்டிருந்தது. விரல் நகத்தால் சுரண்டியிருந்தாலே தெரிந்திருக்கும்.

85,000 சொன்னார்; 72,000க்கு முடிந்தது. ஏதோ ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். பிறகு அண்ணன் சொன்ன கணக்கு வேறு. பழைய இயந்திரத்துக்கு முதலில் காயலான் கடை விலையைப் போட வேண்டும். அன்று வார்ப்பிரும்பு கிலோ 35 ரூபாய் அளவில் போயிற்று. எடையை அதனால் பெருக்கினால் வருவதுதான் அடிமட்டம். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இயந்திரம் நல்ல நிலையில் இருப்பதற்கான விலை. அந்த நிலையைச் சோதிக்காதவன் அந்த ரூபாயைக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று: பில்லில் "பழைய ஷேப்பர் 1" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். மோட்டார், வைஸ், பெல்ட் மூடி, கைப்பிடிகள் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மாட்டியிருந்த வைஸ் என் கண் முன்னே கழற்றப்பட்டது. "அது வேறு இயந்திரத்துடையது சார்" என்றார்கள். வைஸ் இல்லாத ஷேப்பர் பிடி இல்லாத அரிவாள். பிறகு 12,000 கொடுத்துத் தனியாக வாங்கினேன்.

700 கிலோ என்றதை நம்பிச் 'சின்ன யானை' வண்டி ஒன்றை வரச் சொல்லியிருந்தேன். கிரேன் இயந்திரத்தை அரை அடி தூக்கியதுமே அந்த ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டார். "இது 700 இல்லை சார், மலையில் முன் சக்கரம் தூக்கிவிடும்." வந்து போனதற்கு அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, பெரிய வண்டி கிடைக்க மாலை 4 மணி ஆனது. மேட்டுப்பாளையத்தில் எடைமேடையில் ஏற்றியபோது 1,040 கிலோ. அந்த ஓட்டுநரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மலை ஏற்றும் முன் ஷேப்பரில் செய்ய வேண்டியவை சில உண்டு: மேசையைக் கடைசி வரை கீழே இறக்க வேண்டும், ராமை உடலின் நடுவுக்குக் கொண்டுவந்து அதன் பூட்டை இறுக்க வேண்டும், வடக்கயிற்றை உடலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், ராமில் கட்டவே கூடாது. இது தலை கனத்த இயந்திரம். நான் எதையும் செய்யவில்லை. குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியார் தாண்டி ஏதோ ஒரு வளைவில் பின்னால் இடி விழுந்தது போல ஒரு சத்தம். ராம் ஓர் அடி நழுவி வண்டியின் பலகையைப் பிளந்துகொண்டு நின்றது. இருட்டு, மூடுபனி, ஐப்பசி மழை. ஓட்டுநர் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்த பார்வைக்கு ஈடாகப் பலகைக்கு 800 ரூபாய் கொடுத்தேன்.

இரவு 9 மணிக்கு வீட்டுக்கு மேலே சாலையோரம். மறுநாள் காலை கிரேன் வந்து இறக்கி வைத்துவிட்டு 6,000 வாங்கிக்கொண்டு போனது. கிரேனால் 52 படி இறங்க முடியாது என்பதை அதன் ஓட்டுநர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். சுமை தூக்கும் ஆட்களின் மேஸ்திரி வந்து படிகளை மேலிருந்து பார்த்தார், கீழே இறங்கிப் பார்த்தார், நடுவில் படிகள் திரும்பும் இடத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். முழுதாக இறங்காது, பிரித்துக் கொடுங்கள் என்றார். மழை விடட்டும் என்றும் சொன்னார். மழை 11 நாட்கள் விடவில்லை. தார்ப்பாய் போர்த்திய ஒரு டன் இரும்பு சாலையோரம் கிடக்க, போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன அது என்று கேட்டார்கள். வாங்கியதை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க நினைத்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "லேத்துக்குத் துணையா?" என்றார் என் மனைவி. விலையைப் பற்றி அன்று கேட்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

பிரிக்கத் தொடங்கியது அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான். பக்க மூடியின் ஸ்குரூவில் எண்ணெய் விட்டுக் காத்திருக்கத் தயாராக வந்தேன். முதல் ஸ்குரூ இரண்டு சுற்றில் கையோடு வந்துவிட்டது. மரையில் புது கிரீஸ். நான்கும் அப்படியே. மூடியை எடுத்தேன். உள்ளே சத்தம் கேட்காமல் இருக்க உருண்டை உருண்டையாக கிரீஸ் அப்பியிருந்தார்கள். துணியால் வழித்து எடுத்தால், ராக்கர் ஆர்மின் அடிப்பகுதியில், கவை பிரியும் இடத்தில், வார்ப்பிரும்பின் சாம்பல் நிறத்துக்கு நடுவே விரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு. முன்பே உடைந்து, பித்தளையால் பற்ற வைத்த தழும்பு. அதற்கும் பக்கத்தில் மயிரிழை போல ஒரு புதிய விரிசல், கறுப்பு எண்ணெய் கசிந்து தானே தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது. மழை தார்ப்பாயில் அடித்துக்கொண்டிருந்தது. அறுபது வயதில் சாலையோரம் குந்தி உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன். பணத்துக்காக மட்டும் இல்லை. அவர் சொன்ன பொய்யை நான் எவ்வளவு ஆசையாக நம்பினேன் என்பதற்காக.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். குன்னூரில் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து கிலோ 30 ரூபாய் என்றார். 31,200 ரூபாய். நாளை சொல்கிறேன் என்று அனுப்பினேன்; உண்மையில் மனதில் சரி சொல்லிவிட்டேன். அன்று மாலை அண்ணன் குடையோடு வந்து நின்றார். அவருக்குச் செய்தி போகாமல் இருக்குமா? சிரிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, உள்ளே கையை விட்டுக் காடியை மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார். புல் கியரின் பற்களை ஒவ்வொன்றாக எண்ணுவது போல நகத்தால் தொட்டார். பிறகு, "பல் எல்லாம் முழுசாக இருக்கிறது தம்பி. கை ஒடிந்தால் கட்டுப் போடலாம். பல் போயிருந்தால்தான் இரும்புக் கடை" என்றார். பேனா மூடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை அவரிடம் கற்றேன். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு எந்த இடம் என்று எழுதி ஒட்டுங்கள். ராமை எடுக்கும் முன் ஜிப் ஸ்குரூக்கள் ஒவ்வொன்றும் எத்தனை சுற்று வெளியே வந்தன என்று குறித்துவைத்தால் மாட்டும்போது பாதி வேலை மிச்சம். வைஸ் தாங்கும் மேசை, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ராம், மோட்டார், ராக்கர் ஆர்ம் என்று பிரித்தோம். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை எட்டு ஆட்கள் வந்தார்கள். ராமை நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தோளில் இறக்கிவிட்டார்கள். உடல் மட்டும் அரை டன் இருக்கும். படிகளின் மேல் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கட்டைகள் இரண்டைத் தண்டவாளம் போலப் போட்டு, உடலைப் படுக்க வைத்து, வடக்கயிற்றை மேலே இருந்த சில்வர் ஓக் மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேஸ்திரி ஒருவரே கயிற்றின் நுனியைப் பிடித்து விரல் விரலாக விட்டார். மரம்தான் எடையைத் தாங்கியது. அவர் வாயில் பீடி அணையவே இல்லை. திருப்பத்தில் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. எவரும் அவசரப்படக் கூடாது, இயந்திரத்துக்குக் கீழ்ப் பக்கம் எவரும் நிற்கக் கூடாது என்ற இரண்டே கட்டளைகள். 14,000 ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். மலையில் வீடு இருப்பவர்கள் இயந்திரத்தைப் பார்க்கப் போகும் முன் அளவு நாடாவோடு தங்கள் வீட்டு வழியை அளக்க வேண்டும்: படியின் அகலம், திருப்பம், கொட்டகைக் கதவு. கதவை மறந்ததால் நானும் என் கொட்டகையின் நிலையை ஒரு பக்கம் பெயர்த்தேன்.

கொட்டகைத் தரை அடுத்த சோதனை. மலைச் சரிவில் வீடு கட்டும்போது மேல் பக்கத்தை வெட்டிக் கீழ்ப் பக்கத்தில் நிரப்புவார்கள். என் கொட்டகை நிரப்பிய பக்கத்தில் இருக்கிறது. லேத் ஒரே இடத்தில் சுற்றுவதால் தரைக்குத் தொந்தரவு இல்லை. ஷேப்பரின் ராமோ ஒவ்வொரு திருப்பத்திலும் உடலை உதைக்கிறது. வெறும் தரையில் வைத்தால் இயந்திரம் நடக்கத் தொடங்கும், தரை வெடிக்கும். முக்கால் அடி தோண்டி, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, போல்ட் புதைத்தோம். 16,000. நன்றாக இறுகட்டும் என்று ஒரு மாதம் தொடவில்லை.

மின்சாரத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டது உங்களுக்குப் பயன்படும். பழைய ஷேப்பரோடு வருவது பெரும்பாலும் 415 வோல்ட் மும்முனை மோட்டார். வீட்டில் இருப்பது ஒருமுனை இணைப்பு. ஒருமுனை மோட்டார் மாற்றலாம். ஆனால் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனையாக மாற்றிக் கொடுக்கும் டிரைவ் கிடைக்கிறது, 2 எச்.பி.க்கு எனக்கு 11,500 ஆனது. அது கொடுக்கும் மும்முனையும் 230 வோல்ட்தான் என்பதால் மோட்டாருக்குள் காயில்களை இணைத்திருக்கும் முறையை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். அதற்கு மோட்டாரிலிருந்து ஆறு முனைகள் வெளியே வர வேண்டும். என் மோட்டாரின் பெட்டியைத் திறந்தால் மூன்றே கம்பிகள். ஸ்டார் முடிச்சை உள்ளேயே போட்டு வார்னிஷ் அடித்திருந்தார்கள். குன்னூரில் காயில் கட்டுபவர் அந்த முடிச்சைத் தேடிப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்துக் கொடுத்தார், 1,800 ரூபாய். வாங்கும்போதே அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து முனைகளை எண்ணிப் பாருங்கள். டிரைவ் வைத்ததில் ஒரு லாபம்: இயந்திரம் உதறாமல் மெதுவாகக் கிளம்புகிறது, வேகத்தையும் குமிழைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம்.

ராக்கர் ஆர்மை மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனோம். மறுபடி பற்ற வைக்க வேண்டாம், விரிசலின் முனையில் ஓட்டை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, இரண்டு பக்கமும் எஃகுத் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்கலாம் என்றார் அண்ணன். அப்படியே செய்து 8,500. தேய்ந்த சறுக்குக் கட்டைக்குப் பதிலாகக் கன் மெட்டல் என்கிற வெண்கலத்தில் புதிது, 3,200. இதற்கிடையில் 11 நாள் மழை ராம் பாதையில் வைத்துவிட்டுப் போன துருவை மண்ணெண்ணெயும் நாரும் வைத்துத் தேய்த்துத் தேய்த்தே மார்கழி போயிற்று. துரு விஷயத்தில் ஒரு பாடம். இயந்திரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தாதீர்கள். நம் பனியில் அதன் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்து இரும்பின் மேல் சொட்டும். நான் சறுக்குப் பாதைகளுக்கான 68 எண் ஸ்லைடுவே எண்ணெய் பூசி, பழைய பருத்திப் போர்வையைப் போர்த்தி, இயந்திரத்தின் உடலுக்குள் ஒரு பழைய குண்டு பல்பைத் துணி படாமல் எரியவிடுகிறேன். அந்த இதமான சூடு போதும். வீட்டுப் பூனை அதைக் கண்டுபிடித்துவிட்டது.

மொத்தம் எவ்வளவு என்று மாசியில் ஒரு நாள் நோட்டில் கூட்டினேன். இயந்திரம் 72,000. கோவையில் ஏற்றியது 2,500, லாரி 9,500. இறக்கியது, சுமந்தது, தரை, மின்சாரம், பழுது, வைஸ் எல்லாம் சேர்த்து 1,57,000. சின்ன யானைக்குக் கொடுத்ததையும் உடைந்த பலகையையும் அதில் சேர்க்கவில்லை. நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் கூட்டலுக்குக் கீழே மனைவியின் கையெழுத்தில், பென்சிலில், அதே கூட்டல் இன்னொரு முறை போட்டிருந்தது. விடை சரியாக வந்ததற்கு ஒரு டிக் குறி. அதைப் பற்றி அவர் பேசியது இரண்டு நாள் கழித்து; பேசியதை இங்கே எழுதப் போவதில்லை.

பங்குனியில் முதல் வெட்டு. பல்லின் அளவைச் சொல்லும் எண்ணான மாடியூல் 1.5 கொண்ட பல்பட்டை: ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 4.712 மில்லிமீட்டர், ஆழம் 3.375. பல்லின் பக்கங்கள் நேர்கோடுகள் என்பதால் கருவியை 40 பாகை கோணத்தில் தீட்டினால் போதும். மேசையின் குறுக்குத் திருகைத் திருப்பி ஒவ்வொரு பல்லாக நகர வேண்டும். திருகு பழையது, அதிலும் ஆட்டம் உண்டு. ஆகவே எப்போதும் ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டால் அப்படியே பின்னே திருப்பிச் சரிசெய்யக் கூடாது. நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னே வர வேண்டும். 27ஆவது பல்லில் மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். வந்து எங்கே விட்டேன் என்று யோசித்து, கைப்பிடியைக் கால் சுற்றுப் பின்னே திருப்பிவிட்டேன். பட்டை முடிந்த பிறகு அண்ணன் வந்து பற்சக்கரத்தை அதன் மேல் உள்ளங்கையால் உருட்டினார். மெத்தென்று போய்க்கொண்டிருந்த சக்கரம் ஓரிடத்தில் மட்டும் இலேசாக ஏறி இறங்கியது. இன்னொரு முறை உருட்டினார். அதே இடம். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து அந்தப் பல்லின் மேல் ஒரு புள்ளி வைத்தார்.

"சாப்பிடப் போனாயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். இரண்டாவது பட்டையை வரும் வெள்ளிக்கிழமை தொடங்குகிறேன், சாப்பிட்டுவிட்டு.